சம்பளமில்லாத பந்தாட்டம்: நம் சங்கத்துக்கு அது ஏன் வேண்டும்

(சங்கத்தின் பொன்விழாவை ஒட்டி நடைபெற்ற கருத்தரங்கில் விளையாட்டுப் பிரிவின் சார்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





எனக்கு முன்னால் பேசியவர்கள் கல்வி நிதியைப் பற்றிச் சொன்னார்கள். துணைப்பாட வகுப்புகளைப் பற்றிச் சொன்னார்கள். நம் முன்னோர் கப்பலேறி வந்த கதையைச் சொன்னார்கள். எனக்குக் கொடுத்த தலைப்பு காற்பந்து. நள்ளிரவில் கண்விழித்துத் தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, அந்தக் காற்பந்து அல்ல. வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளைகுட்டி உள்ளவர்கள், முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வார இறுதியில் திடலுக்கு வந்து ஆடுகிற லீக் காற்பந்து. இதில் யாருக்கும் சம்பளம் கிடையாது. பெரும்பாலும் ஆடுகிறவர்தான் கைக்காசு போட வேண்டும்.

பொன்விழா மேடையில் இதற்கென்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். இருபது வயதிலிருந்து நாற்பது வயது வரை உள்ள நம் ஆண்பிள்ளைகளை இந்தச் சங்கம் எந்த இடத்தில் வைத்திருக்கிறது? அந்தக் கேள்விக்குக் கூட்டம் போட்டு விடை காண முடியவில்லை. வாராவாரம் நடக்கிற ஒரு லீக் ஆட்டத்தில் விடை இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

நடுவில் காணாமல் போகிற இருபது ஆண்டு

நம் சங்கத்தில் ஒரு பையனின் வாழ்க்கையை எண்ணிப் பாருங்கள். ஏழு வயதில் மதரஸாவுக்கு வருகிறான். பத்து வயதில் துணைப்பாட வகுப்புக்கு வருகிறான். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் மேடையேறிப் பரிசு வாங்குகிறான், நாம் படம் எடுக்கிறோம். பதினேழு, பதினெட்டு வயதானதும் ஆளைக் காணோம். பல துறைத் தொழிற்கல்லூரி, தேசிய சேவை, வேலை, கல்யாணம், பொங்கோலிலோ செங்காங்கிலோ புது வீடு. மறுபடி அவனை எப்போது பார்க்கிறோம்? நாற்பத்தைந்து வயதில், தன் பிள்ளையின் கல்வி நிதிக்கு விண்ணப்பம் வாங்க வரும்போது. இல்லையென்றால் அத்தாவோ அம்மாவோ மௌத்தாகும்போது.

சங்கத்தை ஆரம்பித்த தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவர்கள் தஞ்சோங் பகாரிலும் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் சிராங்கூன் சாலையிலும் ஒரே கடையில் வேலை செய்து, ஒரே சட்டிச் சோற்றைப் பகிர்ந்து, ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள். ஒருவரை ஒருவர் சந்திக்கத் தனியாக ஏற்பாடு செய்யத் தேவையில்லை. பிறகு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் வீடுகள் வந்தன. 1989ல் இன ஒருங்கிணைப்புக் கொள்கையும் வந்தது. நல்ல வீடு, நல்ல அக்கம்பக்கம். ஆனால் நாம் தீவு முழுக்கப் பரவினோம். தேக்காவில் தினமும் தற்செயலாகச் சந்தித்தவர்கள், இப்போது பெருநாள் தொழுகையில் ஆண்டுக்கு இரண்டு முறை சந்திக்கிறார்கள்.

ஆண்டுக்கு ஒரு விருந்து, ஒரு மீலாது விழா, ஒரு குடும்ப நாள் வைத்து இந்த இடைவெளியை நிரப்ப முடியாது. நட்பு வளர்வதற்குத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். லீக் ஆட்டம் செய்கிற வேலை அதுதான். ஒரு நாள் போட்டி என்றால் தோற்றவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விடுவார்கள். லீக் என்றால் தோற்றாலும் அடுத்த வாரம் வந்தாக வேண்டும். எட்டு கோல் வாங்கினாலும் வந்தாக வேண்டும். பதினோரு பேர் வராவிட்டால் மற்றவர்களுக்கும் ஆட்டம் கெட்டுப்போகும் என்பதால், வெள்ளிக்கிழமை இரவே "நாளைக்கு வர்றீங்களா அண்ணே?" என்று ஒருவர் மற்றவரைக் கேட்டாக வேண்டும். நம் சங்கத்தில் ஒரு முப்பது வயதுக்காரரை வேறு யார் வாரம் தவறாமல் கேட்கிறார்கள்?

இதன் பலன் திடலுக்கு வெளியேதான் தெரியும். இரவு இரண்டு மணிக்கு ஒரு வீட்டில் மையித் விழுந்தால் யாருக்கு முதலில் தொலைபேசி போகிறது? சேர்ந்து விளையாடுகிறவர்களுக்கு. சுவா சூ காங் அடக்கத்தலத்தில் மண் அள்ளிப் போட வருகிற இளைஞர் கூட்டத்தைப் பார்த்தால், பாதிப் பேர் ஒரே குழுவில் பந்து ஆடுகிறவர்களாக இருப்பார்கள். வேலை போனவருக்கு வேலை பார்த்துக் கொடுக்கிறார்கள். புது வீட்டுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறார்கள். இதையெல்லாம் செய்யச் சொல்லி எந்தத் தீர்மானமும் நிறைவேற்றப்படவில்லை.

நம்மைச் சுற்றியே எழுதப்பட்ட வரலாறு

காற்பந்து நமக்குப் புதிதல்ல. அதன் சிங்கப்பூர் வரலாற்றில் பெரும்பகுதி, நாம் தினமும் நடமாடுகிற தெருக்களைச் சுற்றியே நடந்திருக்கிறது.

சிங்கப்பூரின் காற்பந்துச் சங்கம் 1892ல் தோன்றியது. ஆசியாவிலேயே மிகப் பழைய சங்கங்களில் அதுவும் ஒன்று. 1921ல் மலாயாக் கிண்ணப் போட்டி தொடங்கியபோது, முதல் இறுதியாட்டத்தில் சிலாங்கூரை 2-1 என்று வென்று கிண்ணத்தைக் கொண்டுவந்தது சிங்கப்பூர். 1929 டிசம்பரில் ஜாலான் புசார் விளையாட்டரங்கம் திறக்கப்பட்டது. டன்லப் ஸ்திரீட்டில் இருக்கும் அப்துல் கஃபூர் பள்ளிவாசலில் அஸர் தொழுதுவிட்டு நடந்தே போய்விடலாம்.

அதே போல ஃபேரர் பார்க். ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் ஏன் வந்தது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. 1840களிலிருந்து 1933 வரை அங்கே குதிரைப் பந்தயத் திடல் இருந்தது. 1911ல் சிங்கப்பூரின் முதல் விமானம் பறந்தது அங்கிருந்துதான். 1942 பிப்ரவரியில், சரணடைந்த இந்தியப் படைவீரர்களை ஜப்பானியர் ஒன்றுதிரட்டியதும் அங்கேதான். பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போன பிறகு அது மக்கள் விளையாடும் திடலாயிற்று. கடை மூடிவிட்டு வந்தவர், அலுவலகம் முடிந்து வந்தவர், பள்ளிக்கூடப் பையன் என எல்லோரும் ஒரே புல்லில் ஓடினார்கள்.

அந்தக் காலத்து லீக் ஆட்டங்களில் இனவாரியாகக் குழுக்கள் இருந்தன. வெள்ளைக்காரர்களுக்குச் சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப், சீனர்களுக்கு ஒரு சங்கம், மலாய்க்காரர்களுக்கு ஒரு சங்கம், இந்தியர்களுக்கு 1923ல் தோன்றிய இந்தியர் சங்கம். பிறகு கம்பெனிகளுக்கிடையே பிசினஸ் ஹவுஸ் லீக் வந்தது. பகலில் வேலை, மாலையில் பந்து. 1975ல், சிதறிக் கிடந்த குழுக்களை ஒழுங்குபடுத்தித் தேசியக் காற்பந்து லீக் தொடங்கப்பட்டது. மலேசியக் கிண்ண ஆட்டங்களை ஜாலான் புசாரிலிருந்து காலாங் தேசிய விளையாட்டரங்கத்துக்குக் கொண்டுபோனவர், காற்பந்துச் சங்கத் தலைவராக விளங்கிய நடேசன் கணேசன். அதற்காகத் தம் வீட்டையே அடமானம் வைத்தவர். "காலாங் முழக்கம்" என்று இன்றும் சொல்கிறோமே, அதற்குப் பின்னால் ஒரு தமிழரின் வீட்டுப் பத்திரம் இருக்கிறது.

1977 மே மாதம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் பினாங்கை 3-2 என்று வென்று, 12 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியக் கிண்ணத்தைத் திரும்பக் கொண்டுவந்தது சிங்கப்பூர். அந்த அணியின் தலைவர் சமது அல்லாபிச்சை. அல்லாபிச்சை என்ற பெயரை விளக்க நான் இந்தச் சபையில் ஒரு வார்த்தையும் செலவிட வேண்டியதில்லை. நம் ஊர்ப் பள்ளிவாசல் குடும்பப் பதிவேட்டைப் புரட்டினால் பக்கத்துக்கு ஒன்று கிடைக்கும் பெயர். முழுநேரத் தொழில்முறை லீக் என்று ஒன்று சிங்கப்பூரில் வந்தது 1996ல்தான். அதற்கு முன் நாட்டுக்கு ஆடியவர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போய்க்கொண்டே பந்தாடியவர்கள். கிளப் ஆட்டங்கள் இல்லாமல் அந்த அணி வானத்திலிருந்து இறங்கி வரவில்லை.

ஃபத்ஹுல் கரீப் சொல்லும் பாடம்

இன்னொரு பெயரையும் உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். ஃபத்ஹுல் கரீப். ஷாஃபி மத்ஹப் வழியில் ஓதியவர்கள் உடனே தலையசைப்பார்கள், மதரஸாவில் நாம் ஓதிய ஃபிக்ஹு நூலின் பெயர். "அண்மையில் கிடைக்கும் வெற்றி" என்று பொருள் கொள்ளலாம். ஆனால் நான் சொல்வது கிதாபை அல்ல. 1898ல் சிங்கப்பூரில் ஃபத்ஹுல் கரீப் என்ற பெயரில் ஒரு காற்பந்துக் குழு தோன்றியது. அந்தக் குழுதான் பின்னால் பாலஸ்டியர் யுனைடெட் ஆகி, 1996ல் எஸ் லீக் தொடங்கியபோது பாலஸ்டியர் சென்ட்ரல் ஆகி, சீக்கிய சமூகத்தின் ஆதரவில் ஆடிய கிளமெண்டி கால்சாவுடன் இணைந்து இன்று பாலஸ்டியர் கால்சாவாக பிரிமியர் லீக்கில் ஆடுகிறது. 2014ல் சிங்கப்பூர்க் கிண்ணத்தையும் வென்றது.

ஓர் அரபுப் பெயருடன் தொடங்கி, ஒரு பேட்டையின் பெயரை ஏற்று, சீக்கியர்களின் பெயரோடு முடிகிற கிளப். அதன் வயது 125க்கு மேல். நம் சங்கத்துக்கு இப்போதுதான் 50. அந்தக் கிளப் இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம், ஒவ்வொரு கட்டத்திலும் யார் பந்தாட வந்தார்களோ அவர்களை உள்ளே விட்டதுதான்.

தெசன்சன் சாலையில் இருக்கிற சிங்கப்பூர் கால்சா சங்கத்தையும் பாருங்கள். 1931ல் சீக்கிய இளைஞர்கள் விளையாட்டுக்காகத் தொடங்கியது. இன்றும் அதன் பெயரில் ஒரு குழு அமெச்சூர் லீக்கில் ஆடுகிறது. ஆட்டக்காரர் பட்டியலில் எல்லா இனப் பெயர்களும் இருக்கும். கிளப் மட்டும் கால்சாவின் கிளப். கட்டடத்தைப் பராமரிப்பது அவர்கள், கணக்கு வைப்பது அவர்கள், பெயரைக் காப்பாற்றுவது அவர்கள். அவர்கள் எண்ணிக்கையில் நம்மைவிட மிகப் பெரிய சமூகம் அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பக்கமும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. காயல்பட்டினத்து ஐக்கிய விளையாட்டுச் சங்கம் மௌலானா அபுல்கலாம் ஆசாத் பெயரில் பல்லாண்டுகளாக அகில இந்தியக் காற்பந்துப் போட்டி நடத்தி வருகிறது. வெளிமாநிலக் குழுக்கள் அந்தக் கடற்கரை ஊருக்கு வந்து ஆடிவிட்டுப் போகின்றன. வெளிநாடுகளில் சம்பாதிக்கிற காயல்காரர்கள் விடுமுறையை அந்தப் போட்டியைப் பார்த்துத் திட்டமிடுவதைக் கேட்டிருப்பீர்கள். பந்து ஒரு சிறிய ஊரைப் பல தலைமுறைக்குச் சேர்த்துப் பிடித்திருக்கிறது.

லீக்கின் ஏணி

இன்று சிங்கப்பூரில் பெரியவர்கள் ஆடுகிற அமெச்சூர் லீக் எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உச்சியில் தொழில்முறைப் பிரிமியர் லீக். அதற்குக் கீழே சிங்கப்பூர் காற்பந்து லீக்கின் இரண்டு பிரிவுகள், முன்பு தேசியக் காற்பந்து லீக் என்றிருந்தது. அதற்கும் கீழே தீவு முழுவதற்குமான ஐலண்ட் வைட் லீக். கீழே நன்றாக ஆடினால் மேலே ஏறலாம், மோசமாக ஆடினால் இறங்க வேண்டும். ஆனால் அமெச்சூர் லீக்கின் முதல் பிரிவில் வாகை சூடினாலும் பிரிமியர் லீக்குக்கு ஏற வழியில்லை. இது பலருக்குக் குறையாகத் தெரியும். எனக்கு அதில் ஒரு நிம்மதி தெரிகிறது. இங்கே ஆடுகிறவர் யாரும் நாளைக்குப் பணக்காரர் ஆகிவிடுவோம் என்ற கனவில் ஆடவில்லை. ஆட்டத்துக்காகவும் கூட ஆடுகிறவர்களுக்காகவும் ஆடுகிறார்கள்.

இவை தவிர, தனியார் நடத்துகிற சமூக லீக்குகள், ஐந்து பேர், ஏழு பேர் ஆடும் லீக்குகள் நிறைய உண்டு. புதிதாக இறங்குகிற சங்கத்துக்கு அங்கே தொடங்குவதே புத்திசாலித்தனம்.

ஒரு குழுவை நடத்த என்னென்ன வேண்டும்? ஆட்டத் திறமை கடைசியில் வரும். முதலில், பொறுப்பான ஒரு மேலாளர். ஆட்டக்காரர்களின் பதிவு, அட்டை, சந்தா, சீருடை, பந்து, முதலுதவிப் பெட்டி, தண்ணீர் எல்லாம் அவர் தலையில். அடுத்து, திடல். ஆக்டிவ்எஸ்ஜி செயலியில் திடல் திறக்கிற நேரத்துக்கு விரல் தயாராக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால் வேறொருவர் பதிவு செய்துவிடுவார். பிறகு, காப்புறுதி. அதற்கும் பிறகு, மழை. இந்தத் தீவில் பிற்பகலில் இடி மின்னல் எச்சரிக்கை ஒலித்துவிட்டால், எத்தனை கோல் முன்னால் இருந்தாலும் எல்லோரும் திடலை விட்டு வெளியேற வேண்டும். காத்திருக்கப் பழக வேண்டும்.

இந்த வேலைகளைக் கவனியுங்கள். பதிவு, சந்தா வசூல், கணக்கு, இடம் பிடித்தல், ஆள் சேர்த்தல், சண்டை தீர்த்தல். ஒரு சங்கச் செயலாளர் செய்கிற வேலையில் எது மிச்சம்? நாளைய செயலவைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று நாம் புலம்புகிறோம். மூன்று பருவம் ஒரு லீக் குழுவை நடத்திய இளைஞரிடம் சங்கத்தின் எந்தப் பொறுப்பையும் பயமின்றிக் கொடுக்கலாம்.

பெரியவர்கள் கேட்கிற கேள்விகள்

இனி, என்னிடம் பெரியவர்கள் நேரடியாகக் கேட்ட கேள்விகளுக்கு வருகிறேன். அவை நியாயமான கேள்விகள். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டியது என் கடமை.

முதல் கேள்வி: பந்து விளையாடினால் தொழுகை போய்விடாதா? சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால், மஃரிப் நேரம் ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணியை ஒட்டியே இருக்கிறது. அட்டவணை வந்த அன்றே எந்த ஆட்டம் தொழுகை நேரத்தில் விழுகிறது என்று தெரிந்துவிடும். திடலோரம் விரிப்புப் போட்டு ஜமாஅத்தாகத் தொழுதுவிட்டு ஆடுகிற மலாய்க் குழுக்களை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். முட்டி மறைகிற கால்சட்டைக்கும் இப்போது பஞ்சமில்லை. நோன்பு மாதத்தில் பயிற்சியைத் தராவீஹுக்குப் பிறகு இலேசாக வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை கூடப் பள்ளிவாசல் பக்கம் வராத பையன், பந்தாட வந்த இடத்தில் சேர்ந்து தொழுகிறான் என்றால், அதை இழப்பு என்று நான் கணக்கெழுத மாட்டேன்.

இரண்டாவது கேள்வி: நாற்பது வயதில் ஓடினால் நெஞ்சுவலி வராதா? இதை அலட்சியம் செய்யக் கூடாது. சுகாதார அமைச்சு 2016ல் நீரிழிவுக்கு எதிரான போர் என்று அறிவித்தது. அந்தப் போரில் நம் இனத்தவர்தான் அதிகம் அடிபடுகிறோம் என்று தேசிய ஆய்வுகள் காட்டி வந்திருக்கின்றன. பிரியாணியும் உட்கார்ந்த வேலையும் சேர்ந்தால் என்னாகும் என்பது இந்த அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும். டென்மார்க்கில் கோபன்ஹேகன் ஆய்வாளர்கள், நடுத்தர வயதினரை வாரத்தில் இரண்டு மூன்று முறை சிறு குழுக்களாகக் காற்பந்து ஆடவைத்து, இரத்த அழுத்தம் குறைவதையும் இதயத் தெம்பு கூடுவதையும் கண்டிருக்கிறார்கள். ஆனால் பல ஆண்டு ஓடாதவர் திடீரென்று தொண்ணூறு நிமிட ஆட்டத்தில் இறங்கினால் ஆபத்துதான். ஆகவே முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்கள் மருத்துவப் பரிசோதனை செய்த பின்னரே பதிவு என்று விதி வைக்க வேண்டும். ஃபிஃபாவின் "11 பிளஸ்" என்ற உடற்சூட்டுப் பயிற்சி சுமார் 20 நிமிடம் பிடிக்கும். அதை ஒழுங்காகச் செய்த குழுக்களில் காயங்கள் கணிசமாகக் குறைந்ததை ஆய்வுகள் காட்டியுள்ளன. நம்மவர்கள் இரண்டு முறை காலை உதறிவிட்டு ஆடப் போகிறார்கள். ஒவ்வொரு குழுவிலும் இருவராவது மாரடைப்பு முதலுதவி கற்றிருக்க வேண்டும். திடலில் இதய அதிர்வுக் கருவி எங்கே இருக்கிறது என்று மேலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது கேள்வி: சண்டை வராதா? வரும். நடுவர் ஊதியது சரியா தவறா என்று வரும், யாரை உட்கார வைத்தார்கள் என்று வரும், சந்தா பாக்கி என்று வரும். நம் பொதுக்கூட்டங்களில் வராத சண்டையா? திடலில் ஒரு வசதி உண்டு. நடுவர் மஞ்சள் அட்டை காட்டினால் அது எழுத்தில் பதிவாகிறது, சிவப்பு அட்டை என்றால் தண்டனை உண்டு, அதோடு விஷயம் முடிந்தது. கோபத்தை அடக்கிக்கொள்வதைச் சொற்பொழிவில் கேட்கிறோம். திடலில்தான் அதைச் செய்து பழக முடியும். தவறாக ஊதிவிட்டார் என்று உறுதியாகத் தெரிந்தும், நடுவரிடம் வாய் திறக்காமல் திரும்பி ஓடுகிறவர் தம் நஃப்ஸை ஜெயித்தவர்.

நான்காவது கேள்வி: நம் பிள்ளைகள் மட்டும் ஆடட்டுமே, வெளியாள் எதற்கு? இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கதவைத் திறந்து வைக்க வேண்டும். நம் ஊர்க்காரர் என்று பார்த்துப் பதினெட்டுப் பேர் சேர்த்தால், இரண்டாவது பருவத்தில் எட்டுப் பேர்தான் மிஞ்சுவார்கள். கல்யாணம், இரவு வேலை, வெளிநாட்டு வேலை, முழங்கால் வலி எனக் காரணங்கள் வந்துகொண்டே இருக்கும். அதோடு, நம் புளோக்கில் பக்கத்து வீட்டு மலாய்க்காரத் தம்பியும் சீன நண்பரும் நம் சங்கத்தின் சீருடையை அணிந்து ஆடினால், இந்த நாட்டில் நம் சங்கத்தின் பெயரைத் தெரிந்தவர்கள் கூடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்கு வருகிற தமிழ்நாட்டு ஊழியர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊரில் மாவட்ட அளவில் ஆடிவிட்டு இங்கே கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறவர்கள் அவர்களில் உண்டு. நம் பாட்டனார்களும் அப்படித் தனியாளாக வந்து இறங்கியவர்கள்தான். மேலாளரும் பொருளாளரும் நம் உறுப்பினராக இருந்தால் போதும், பந்து யார் காலில் இருந்தாலும் சங்கம் நம்முடையது.

திடல் இருக்கும்போதே

ஓர் அவசரமும் இருக்கிறது. நிலம் குறைவான நாடு இது. ஃபேரர் பார்க் திடலை வீடுகளுக்காக எடுத்துக்கொள்ளப் போவதாக 2017ல் அறிவிப்பு வந்தது. பிறகு ஏறத்தாழ 1,600 வீடுகளுக்கான திட்டம் வந்தது. விளையாட்டு வசதிகளுக்கும் அதில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இளந்தம்பதிகளுக்கு வீடு வேண்டும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நினைத்த நேரத்தில் நினைத்த திடலில் இறங்கிப் பந்தாடிய காலம் முடிந்துவிட்டது. இனித் திடல், ஒழுங்காகப் பதிவு செய்து, வாராவாரம் வருகிற குழுக்களுக்குத்தான். தனியாளாக இருப்பவருக்கு இடம் கிடைப்பது கடினம். சங்கம் கைகொடுக்க வேண்டிய இடம் அதுதான்.

கொவிட் காலம் இன்னொரு பாடம் கற்பித்தது. 2020லும் 2021லும் அமெச்சூர் லீக் நடக்கவில்லை. 2022ல் மீண்டும் தொடங்கியது. இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மறுபடி ஆள் திரட்டி எழுந்து நிற்பதற்கு ஒரு கிளப்புக்குப் பணத்தைவிட முக்கியமாக வேண்டியிருந்தது, தொலைபேசியை எடுத்து ஒவ்வொருவரையும் அழைக்கிற ஒரு மனிதர். அப்படிப்பட்டவர் இல்லாத குழு, சீருடை அலமாரியில் இருந்தும் கலைந்துபோகும்.

செயலவையிடம் நான்கு வேண்டுகோள்

தலைவர் அவர்களே, நான்கே வேண்டுகோள் வைத்து முடித்துக்கொள்கிறேன்.

ஒன்று, பொன்விழாவுக்காக ஒரு நாள் போட்டி வைத்துக் கோப்பை கொடுத்துவிட்டு மறந்துவிட வேண்டாம். அந்தத் தொகையை ஒரு லீக் குழுவுக்கு ஆண்டுச் செலவாக ஒதுக்குங்கள். வரவு செலவில் அது நிலையான ஒரு வரியாக இருக்கட்டும். குறைந்தது ஐந்து பருவம் பாருங்கள். கடைசி இடத்தில் வந்தாலும் நிறுத்த வேண்டாம்.

இரண்டு, குழு மேலாளருக்குச் செயலவையில் ஓர் இருக்கை கொடுங்கள். அவர் இருபத்தெட்டு வயதுக்காரராக இருந்தால் மிகவும் நல்லது.

மூன்று, பெரியவர்களுக்கு நடைக் காற்பந்து தொடங்குங்கள். 2011ல் இங்கிலாந்தின் செஸ்டர்ஃபீல்டில் தொடங்கிய ஆட்டம் அது. ஓடினால் தவறு, நடந்துதான் ஆட வேண்டும். ஐம்பது, அறுபது வயதினருக்கென்றே உருவானது. முன்வரிசையில் சிரிக்கிறவர்களைப் பார்க்கிறேன். அன்று ஃபேரர் பார்க்கில் ஆடியவர்கள் சிலர் உங்களில் இருப்பது எனக்குத் தெரியும். அத்தாவும் மகனும் ஒரே காலையில் அடுத்தடுத்த திடலில் ஆடுகிற நாளை எண்ணிப் பாருங்கள்.

நான்கு, சகோதரிகளை மறக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் நாம் பந்தாடுவதற்கு, வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவர்கள். தலைமறைப்புடன் ஆடுவதற்கு 2014ல் உலகக் காற்பந்து விதிகளிலேயே அனுமதி வந்துவிட்டது. விருப்பமுள்ள பெண்களுக்குத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் ஏற்பாடு செய்வது நம்மால் முடிகிற காரியம். முடியாதென்றால், அவர்கள் காலையை நமக்கு விட்டுக் கொடுத்ததற்கு ஈடாக இன்னொரு காலையை நாம் அவர்களுக்கு விட்டுக் கொடுக்க வேண்டும்.

சங்கத்தின் முதல் ஐம்பது ஆண்டுகளைக் கட்டியவர்கள், கடையை மூடிவிட்டு இரவு பத்து மணிக்குக் கூட்டம் போட்டவர்கள். அவர்களுக்கு யாரும் சம்பளம் தரவில்லை. அவர்களும் அமெச்சூர்கள்தான். காசுக்காகச் செய்யாமல் நேசத்துக்காகச் செய்கிறவர் என்பதே அந்தச் சொல்லுக்கு மூலப்பொருள். நம் தம்பிமார்களும் அதே வகையைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு ஒரு பெயரும், ஒரு சீருடையும், வாரம் ஒரு திடலும் நாம் கொடுத்தால், அடுத்த ஐம்பது ஆண்டுக்கான செயலாளரும் பொருளாளரும் சந்தூக்குத் தூக்குகிறவர்களும் அங்கிருந்தே வருவார்கள், இன்ஷா அல்லாஹ்.

பருவத்துக்கான பதிவுத் தாள் அரங்கத்தின் வாசலில் மேசை மேல் இருக்கிறது. பின்னால் நிற்கிற தம்பிமார்கள் வெளியே போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகவும். முன்வரிசைப் பெரியவர்களுக்கு நடைக் காற்பந்துக்கான தாள் தனியாக இருக்கிறது.